ஏலமலையில் எட்டு நாள்



என் தாத்தாவுக்கு ஒரு தமையனார் இருந்தார். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சிற்றூர் அவர்களுடையது. மழை பொய்த்த ஆண்டுகளில் மூத்தவர் மேற்கே மலையேறித் தேயிலைத் தோட்டத்தில் பெயர் பதிந்துகொண்டார். இளையவர் 1937ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு வந்து இறங்கினார். அடுத்த ஆண்டே, அதாவது 1938இல், மலாயாவுக்குத் தொழிலாளர்களை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. ஓராண்டு பிந்தியிருந்தால் தாத்தாவும் அண்ணன் பின்னால் மலையேறியிருப்பார்; கெடா மாநிலத்துத் தமிழ்ப்பள்ளியில் நானும் இன்று பாடம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

இரு குடும்பங்களுக்கும் இடையே 1980கள் வரை வான்மடல் போய்வந்தது. பிறகு நின்றது. அப்பா காலமான பின் அவருடைய பெட்டியில் நீலநிற மடல்கள் பதினொன்று கிடைத்தன. அனுப்புநர் முகவரியில் தோட்டத்தின் பெயரும் டிவிஷன் பெயரும் தெளிவாக இருந்தன. கருத்தரங்கு ஒன்றில் அறிமுகமான தேனி மாவட்டத் தமிழாசிரியர் ஒருவர் அந்த முகவரியை வைத்துக்கொண்டு மூன்றே வாரத்தில் எங்கள் உறவினரைக் கண்டுபிடித்துவிட்டார். அதே தோட்டம், அதே டிவிஷன், அதே லயம். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் வீடு மாறவில்லை என்பதைக் கேட்டு முதலில் மகிழ்ந்தேன். அதற்கான காரணத்தை அங்குப் போன பிறகே அறிந்தேன்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். கோலாலம்பூரிலிருந்து திருச்சி, அங்கிருந்து மதுரை, தேனி, கம்பம். கேரளத்தின் இடுக்கி மாவட்டந்தான் எங்கள் இலக்கு. ஆசிரியர்களும் பெற்றோர்களும் பிள்ளைகளோடு போய்வரத்தக்க இடம் என்பதால் பார்த்தவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கம்பத்திலிருந்து மேற்கே பார்த்தால் மலை ஒரு சுவரைப்போல் நிற்கிறது. அடிவாரத்தில் நெல்லும் தென்னையும் திராட்சைத் தோட்டங்களுமாக ஒரே பசுமை. அந்தப் பசுமைக்குரிய நீர் மலைக்கு அப்பாலிருந்து வருகிறது. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து அணைகட்டி, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டார்கள். 1887இல் தொடங்கிய பணி 1895இல் முடிந்தது. பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுவிக். கம்பம் பகுதியில் அவர் பெயரைத் தாங்கிய கடைகளும் உண்டு, பிள்ளைகளும் உண்டு. லோயர் கேம்ப் என்னுமிடத்தில் அவருக்கு 2013இல் மணிமண்டபம் திறந்திருக்கிறார்கள். அவர் பிறந்த நாள் சனவரி 15. பொங்கலை ஒட்டி வருவதால் பொங்கல் வைத்தே கொண்டாடுகிறார்கள். ஆங்கிலேய அதிகாரி ஒருவருக்குத் தமிழ் உழவர்கள் பொங்கல் வைக்கும் ஊர் வேறெங்கும் இருப்பதாக நான் அறியவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் போனால் பேச்சு வேறு. நூற்றாண்டைத் தாண்டிய சுண்ணாம்புக் காரைக் கட்டுமானம், கீழே இலட்சக்கணக்கான மக்கள், உடைந்தால் என்னாவது என்பது அவர்களுடைய அச்சம். நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்தலாம் என 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் அச்சம் அடங்கவில்லை. கம்பத்தில் காலை உணவு உண்டு, குமுளியில் மதிய உணவு உண்ட எங்களுக்கு இரண்டு வாதங்களும் ஒரே நாளில் கிடைத்தன. இரண்டுமே வயிற்றையும் உயிரையும் பற்றியவை. வெளியூர்க்காரன் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பதே முறை என்று தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

குமுளியை அடுத்தது தேக்கடி. அணையால் உண்டான நீர்ப்பரப்பைச் சுற்றி 925 சதுர கிலோமீட்டரில் பெரியாறு புலிகள் காப்பகம் பரந்திருக்கிறது. 1978இல் புலிகள் காப்பகமாயிற்று. படகுப் பயணத்துக்குச் சீட்டை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். விடியற்காலைப் படகே சிறந்தது. நீருக்குள்ளிருந்து பட்டமரங்களின் கட்டைகள் கரிய விரல்களைப்போல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. 1895இல் மூழ்கிய காட்டின் மரங்கள் அவை. இன்னும் மக்கிப்போகவில்லை. கட்டைக்கு ஒரு நீர்க்காகம் என்று சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. கரையோரம் காட்டெருமைகள் ஏழு, மிளாமான்கள் சில. புலியைப் பார்க்கலாம் என்று மகளிடம் யாரும் ஆசை காட்டிவிட வேண்டா. அது படகுக்காரருக்கே வாய்ப்பதில்லை.

படகைவிடக் காட்டுநடை எனக்குப் பிடித்திருந்தது. எங்களை அழைத்துச்சென்ற வழிகாட்டி ஐம்பதைக் கடந்தவர். ஒரு மரத்தின் பட்டையை நகத்தால் கீறி மகளின் மூக்கருகே நீட்டினார். இலவங்கப்பட்டை மணம். அங்கே அதை வயனா என்கிறார்கள். அந்தப் பட்டையைக் காட்டுக்குள் புகுந்து களவாக உரித்து விற்றவர்கள் பலர் முன்னாளில் இருந்தார்களாம். அவர்கள்மீது வழக்குமேல் வழக்குப் போட்டுச் சலித்த வனத்துறை, 1990களில் வேறு வழி கண்டது. அவர்களையே ஒரு குழுவாக்கி, பயணிகளுக்கு வழிகாட்டவும் காட்டைக் காவல் காக்கவும் அமர்த்தியது. காட்டின் ஒவ்வொரு தடமும் அறிந்தவர்களுக்கு அந்த அறிவாலேயே சோறு கிடைத்தது. வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் குறும்பர்களைச் சட்டாம்பிள்ளை ஆக்கிப் பார்த்த ஆசிரியர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

அருவிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூணாறு வட்டாரத்தில் ஆற்றுக்காடும் இலக்கமும், கொச்சி சாலையில் சீயப்பாறையும் வாளறையும் பேர்பெற்றவை. சீயப்பாறை படிப்படியாய் இறங்குவது. எனக்கு நினைவில் நிற்பது குமுளிக்கு அருகே செல்லார்கோவிலில் பார்த்தது. ஓடை ஒன்று மலையின் விளிம்புவரை அமைதியாக வந்து அப்படியே கீழே குதிக்கிறது. ஓடுவது கேரளத்தில், விழுவது தமிழ்நாட்டில். விளிம்பில் நின்று பார்த்தால் முதல் நாள் நாங்கள் கடந்துவந்த கம்பம் பள்ளத்தாக்கின் வயல்கள் கட்டம் போட்ட கணக்குத்தாளைப்போல் தெரிந்தன. தாத்தாவின் ஊர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மனைவி கேட்டார். தென்னந்தோப்புகளைச் சுட்டினேன். எல்லாப் பக்கமும் தென்னந்தோப்பாகவே இருந்தது.

இனி ஏலக்காய். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பாயசத்தில் மட்டுமே அதைக் கண்டவர்கள். மரத்தில் காய்க்கிறது என்றே நினைக்கிறார்கள். ஏலம் இஞ்சிக் குடும்பத்துச் செடி. நம் ஊர் லெங்குவாசைப்போல் ஆள் உயரத்துக்கு மேல் தண்டு வளர்ந்து இலை விரிக்கிறது. ஆனால் காயைத் தேடி அண்ணாந்து பார்க்கக் கூடாது, குனிய வேண்டும். வேர்ப்புறத்திலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரங்களில்தான் பூவும் காயும். அசம் லக்சாவில் போடும் புங்கா கந்தான் பூ தரையிலிருந்து நேரே கிளம்புவதைப் பார்த்திருப்பீர்களே, அதற்கும் இது உறவுதான். வெள்ளை இதழில் ஊதாக் கோடுகள் ஓடும் சிறிய பூ. தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும்.

வண்டன்மேட்டுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றுவதில்லை. ஆகவே ஏறத்தாழ நாற்பது நாளுக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பி வந்து, முற்றியதை மட்டும் தெரிந்து பறிக்க வேண்டும். பழுத்தால் வெடித்துவிடும், பிஞ்சாக எடுத்தால் சுருங்கிவிடும். விரல் பார்த்து முடிவு செய்கிறது. பறித்த காயைக் கழுவி, உலர்த்தும் அறையில் மிதமான சூட்டில் ஓர் இரவும் பகலுமாக வாட்டுகிறார்கள். வெயிலில் காயப்போட்டால் பச்சை போய்விடும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்ந்த காயாகிறது. விலை கேட்டுப் பெருமூச்சு விடுகிறவர்கள் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளலாம். ஆறாம் ஆண்டு விகிதப் பாடத்துக்கு நல்ல கணக்கு. விடுமுறை முடிந்ததும் என் வகுப்பில் போட்டேன்.

புற்றடியில் உள்ள ஏலக்கூடத்தையும் எட்டிப் பார்த்தோம். ஏலக்காயின் ஏலம் என்று மகள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வணிகர்கள் கணினிக்கு முன் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். மாதிரிக் காய்கள் கைக்குக் கை போகின்றன. ஒருவர் பிளந்து பார்க்கிறார், ஒருவர் முகர்கிறார், பிறகு விசையைத் தட்டுகிறார். கூச்சல் ஏதுமில்லை. 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருமன் உள்ள காய்க்குத் தனி மதிப்பு. 2018 வெள்ளத்தில் தோட்டங்கள் அழிந்து விளைச்சல் குறைந்ததன் பயனாக 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாய்வரை போயிற்று. எல்லாரும் ஏலத்தையே நட்டார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது. ரப்பர் விலையோடு மூன்று தலைமுறை ஏறி இறங்கிய குடும்பம் எங்களுடையது, விளக்கம் தேவைப்படவில்லை.

கடைகளில் வாங்குவோர்க்கு ஒரு சொல்: கண்ணைப் பறிக்கும் பச்சையாக இருந்தால் ஐயப்படுங்கள், ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். மிளகுக்கு அந்தத் தொல்லை இல்லை. நாங்கள் போன திங்களில் கொடிகளில் பச்சைச் சரங்கள் தொங்கின. ஒரே சரத்தைக் காயவைத்தால் கருமிளகு, பழுத்தபின் ஊறவைத்துத் தோலை நீக்கினால் வெண்மிளகு. சரவாக்கில் பிறந்து வளர்ந்த ஆசிரிய நண்பர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. சாதிக்காயும் கிராம்பும் வீட்டுக் கொல்லைகளிலேயே நிற்கின்றன. பினாங்கில் குடிக்கும் பூவா பாலாச் சாற்றின் மரம் இதுதான் என்றதும் மகள் நம்ப மறுத்தாள்.

தமிழ்ப் பாடம் நடத்துவோர்க்கு ஒரு செய்தி. சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தில், பேரியாற்று மணற்கரையில் தங்கிய செங்குட்டுவனைக் காண மலைமக்கள் கையுறைகளோடு வருகிறார்களே, அந்தப் பட்டியலில் ஏலக்கொடியும் மிளகுக்கொடியும் இடம்பெறுகின்றன. மதுரையை விட்டு மேற்கே நடந்த கண்ணகி ஏறிய குன்று இதுதான் என்பது இப்பகுதியினர் நம்பிக்கை. குமுளிக்கு மேலே காட்டுக்குள் மங்கலதேவி கண்ணகி கோயில் உள்ளது. ஆண்டில் ஒருநாள், சித்திரை முழுநிலவன்று மட்டும் மக்களை விடுகிறார்கள். அன்று இரு மாநில அதிகாரிகளும் சேர்ந்து ஏற்பாடு செய்கிறார்கள். நாங்கள் போனது அந்த நாளன்று. கீழே நின்று கும்பிட்டதோடு சரி.

குமுளியிலிருந்து மூணாறு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். வளைவுகளின் கணக்கில் அது பாதி நாள். ஏலக்காட்டின் நிழல் முடிந்து தேயிலையின் வெளிச்சம் தொடங்கும் இடம் திடீரென்று வருகிறது. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என மூன்று ஆறுகள் கூடுவதால் மூணாறு. 1956இல் மாநிலங்களைச் சீரமைத்தபோது தமிழர் மிகுந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டுமென்று போராடினார்கள். அவை கேரளத்தோடு நின்றன. கடைத்தெருவில் எங்கும் தமிழ்தான் ஒலிக்கிறது.

எங்கள் உறவினர் வீடு நகரத்திலிருந்து ஜீப்பில் ஒரு மணி நேரம். பெரியப்பா மகன் அண்ணன், அவர் துணைவியார், பேத்தி மூவரும் லயத்தின் முன்னே நின்றிருந்தார்கள். நான் "அண்ணி" என்றேன். "இங்க மதினின்னு சொல்லுவோம், கொழுந்தனாரே" என்றார். கொழுந்து பறிக்கும் கைக்கு ஒரு கொழுந்தனும் வாய்த்தான் என்று அண்ணன் சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு பேச்சில் எண்பது ஆண்டு இடைவெளி போய்விட்டது.

லயத்தை நம் மூத்தோர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே கூரை, வரிசையாகக் குடும்பங்கள், முன்னறை, பின்னால் அடுப்பு. பிறந்து ஏழு வயதுவரை நான் வளர்ந்த வீடு அதுவே. பெரட்டு, கங்காணி, கணக்குப்பிள்ளை, பிள்ளைக் கொட்டகை என்று மதினி பேசப் பேச, என் பாட்டியின் சொற்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற்று வந்தன. வேறுபாடும் உண்டு. பால்மரம் சீவுவோர் விடியுமுன் தொடங்கி நண்பகலுக்குள் மங்குப்பாலை எடுத்துவிடுவர். கொழுந்து எடுப்போர்க்குப் பொழுது முழுவதும் வேலை. இடுப்பில் படங்கைக் கட்டி, பை பொருத்திய கத்தரியால் வெட்டுகிறார்கள். கத்தரியும் கொழுந்துமாகச் சேர்த்துத் தூக்கி நாளெல்லாம் சரிவில் நிற்பது தோளைத் தின்றுவிடுகிறது. மதினிக்கு வலக்கை தலைக்கு மேல் உயர்வதில்லை. பின்னலைப் பேத்திதான் போட்டுவிடுகிறாள்.

அவர் 2015இல் சாலையில் உட்கார்ந்தவர். அந்த ஆண்டு செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள், 20 விழுக்காட்டு ஊக்கத்தொகை பாதியாகக் குறைந்ததை எதிர்த்துத் தாமாகவே திரண்டார்கள். அப்போது நாள்கூலி 232 ரூபாய். தொழிற்சங்கத் தலைவர்கள் எவரையும் கிட்ட விடவில்லை. பெண்களின் ஒற்றுமை எனப் பொருள்படும் 'பெம்பிளை ஒருமை' என்று பெயரிட்டுக்கொண்டு ஒன்பது நாள் நகரத்தையே நிறுத்தினார்கள். 20 விழுக்காட்டை வாங்கினார்கள். "யாரு தலைவி?" என்று கேட்டேன். "எல்லாரும் உக்காந்தோம். எழுந்தா இடம் போயிருமேன்னு யாரும் எழுந்திரிக்கல" என்றார் மதினி.

பயணிகள் யானையைக் காண்பதற்காக இங்கு வருகிறார்கள். லயத்தில் இருப்போர் யானையைக் காணாதிருக்க வேண்டிக்கொள்கிறார்கள். சின்னக்கானல் பக்கம் அரிசிக்காகக் கடைகளையும் வீடுகளையும் உடைத்த அரிக்கொம்பன் என்னும் ஒற்றை யானையை 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விட்டார்கள். அது ஒரே மாதத்தில் மலையிறங்கிக் கம்பம் நகரத் தெருவில் நடந்தது. ஜூனில் தமிழக வனத்துறை மீண்டும் பிடித்து முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோயிற்று. மக்கள் ஏலமும் தேயிலையும் நட்டது அதன் வழித்தடத்தில்; அதற்குப் போக்கிடம் இல்லை. லயத்துப் பிள்ளைகள் அந்த யானையைப் பற்றிப் பேசும்போது கோபம் தெரியவில்லை. வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்ட தொழிலாளியைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார்கள்.

இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு அண்ணன் அழைத்துப் போனார். வரையாடுகள் பயணிகளின் கைக்கெட்டும் தொலைவில் மேய்கின்றன. ஆனைமுடி 2,695 மீட்டர்; மேகம் அதை எங்களுக்குக் காட்டவில்லை. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2018இல் பூத்தது, அடுத்து 2030. திரும்பும் வழியில் அண்ணன் ஒரு திசையைக் கையால் காட்டிவிட்டுப் பேசாமல் நடந்தார். அந்தப் பக்கந்தான் பெட்டிமுடி. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, பெருமழையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. எழுபது பேர். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். பள்ளிப் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனதால் மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் செய்தி எட்டியது. அண்ணனும் தேடப் போனவர். ஆற்றோரம் கிடைத்த புத்தகப்பை ஒன்றைப் பற்றி மட்டும் சொன்னார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

வீடு ஏன் மாறவில்லை என்பதற்கு வருகிறேன். அது அவர்கள் வீடு அன்று. வேலை உள்ளவரை வீடு; பணி ஓய்வு பெற்றால் விட்டுவிட வேண்டும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்து லயத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறார்கள். பெரியதாத்தா, பின்னர் பெரியப்பா, பின்னர் அண்ணன், அவர் ஓய்வு பெற்றபின் மதினியின் பெயரில். மதினிக்கு இன்னும் பதினான்கு மாதம். மகன் திருப்பூரில் பனியன் ஆலையில் இருக்கிறான். தோட்டத்துக்குத் திரும்பமாட்டேன் என்கிறான். அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் இருந்த பூர்வீகக் காணி பெரியதாத்தா காலத்திலேயே போய்விட்டது. திருப்பூரில் ஒற்றை அறையில் மகன் குடும்பமே நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பேத்தி இங்கே வளர்கிறாள்.

"உங்க ஊர்ல தோட்டத்த மூடினப்ப சனங்க எங்க போனாங்க?" என்று மதினி கேட்டார்.

நடந்ததைச் சொன்னேன். நாங்கள் இருந்த தோட்டத்தை 1990களில் வீடமைப்புக்கு விற்றார்கள். சிலர்க்கு மலிவுவிலை அடுக்ககத்தில் ஒரு வீடு கிடைத்தது, எங்களைப்போல. சிலர்க்குச் சிறுதொகை. சிலர் பட்டணத்து ஓரத்தில் புறம்போக்கில் குடிசை போட்டு, பிறகு அங்கிருந்தும் நகர்ந்தார்கள். தோட்டத்துப் பள்ளியும் பெயர்ந்து பட்டணத்துக்கு வந்தது. ஆனால் பிள்ளைகள் வெவ்வேறு திசையில் போய்விட்டார்கள். மதினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அடுக்கு வீட்ல அடுப்பு எங்க வைப்பீங்க?" என்று கேட்டார். அவருக்கு விறகடுப்பு இல்லாத சமையல் பழக்கமில்லை.

பேத்தி படிக்கும் பள்ளிக்கும் போனேன். தோட்டத்து நடுவில் இருக்கும் தமிழ்வழித் தொடக்கப்பள்ளி, நான்காம் வகுப்புவரை. பாடநூல்கள் கேரள அரசு தமிழில் அச்சிட்டவை; தாளும் படமும் நன்றாக இருந்தன. மொத்தம் இருபத்திரண்டு பிள்ளைகள். மலேசியக் கணக்கில் இது குறைந்த மாணவர் பள்ளிக்கும் குறைந்தது. வசதியுள்ளவர்கள் மூணாற்றில் ஆங்கிலவழிப் பள்ளிக்கு ஜீப்பில் அனுப்புகிறார்கள். அரசு வேலைக்கு மலையாளம் வேண்டும், வெளியே போக ஆங்கிலம் வேண்டும், தமிழை வைத்து என்ன செய்வது என்று பெற்றோர் கேட்பதாக ஆசிரியை சொன்னார். பெற்றோர் கூட்டத்தில் நான் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி. மலையாளம் இருக்குமிடத்தில் மலாய் மொழி, அவ்வளவே. 1957இல் நம் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்று 530ஐ ஒட்டி நிற்கின்றன என்றேன். "இன்னும் அவ்வளவு இருக்கா சார்?" என்று வியந்தார். அந்த எண்ணிக்கையைக் கேட்டு மகிழ்ந்த ஒருவரை நான் முதன்முதலாகச் சந்தித்தேன்.

முதல் வரிசையில் ஒரு சிறுமி பலகையில் 'அ' எழுதிக்கொண்டிருந்தாள். சுழியைத் தொடங்கும் இடம் துல்லியம். பெயர் கேட்டேன், தமிழ்ப் பெயர் அன்று. சார்க்கண்டிலிருந்து தேயிலை வேலைக்கு வந்த குடும்பம். இருபத்திரண்டில் ஒன்பது பேர் அவ்வாறு வந்தவர்கள். வீட்டில் வேறு மொழி, விளையாடும்போது தமிழ், இன்னும் சில ஆண்டுகளில் மலையாளமும் வந்துவிடும். "இவங்க வரலன்னா பள்ளியையே மூடியிருப்பாங்க" என்றார் ஆசிரியை. பூர்வகுடிப் பிள்ளைகள் பயிலும் தமிழ்ப்பள்ளிகள் நம் நாட்டிலும் உண்டு என்று அவரிடம் சொன்னேன். எழுத்துகளை அவர் கற்பிக்கும் முறையைப் பார்த்தேன். முதலில் ட, ப, ம எனக் கோட்டெழுத்துகள், பிறகே சுழி எழுத்துகள். பயிற்சிக் கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர் வற்புறுத்திய அதே வரிசை. அந்தச் சிறுமி மட்டும் வரிசையை மீறி 'அ'வுக்குத் தாவிவிட்டாளாம். அண்ணன் எழுதுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. மகள் தன் வண்ணப் பென்சில் பெட்டியை அவளிடம் கொடுத்துவிட்டாள். நான் கொண்டுபோயிருந்த கதைநூல்கள் முப்பதைப் பள்ளிக்குக் கொடுத்தேன். மலேசியத் தமிழ்க் கதைகளில் வரும் 'மீ கோரேங்' எது என்று ஆசிரியை கேட்க, கரும்பலகையில் படம் வரைய வேண்டியதாயிற்று.

அன்றிரவு அண்ணனும் நானும் கணக்குப் போட்டோம். மதினிக்கு வரவேண்டிய பணிக்கொடை, சேமநிதி, போடிப் பக்கம் இரண்டு சென்ட் நிலத்தின் விலை. என் பங்காக எவ்வளவு முடியும் என்று சொன்னேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை, மதினி மறுக்கவுமில்லை. நிலத்தின் விலையை விசாரித்து எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பள்ளிக்குப் பக்கத்தில் நிலம் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன்.

எட்டாம் நாள் இருள் பிரியுமுன் போடிமெட்டு வழியாக இறங்கினோம். பதினேழு கொண்டையூசி வளைவுகள். கீழேயிருந்து ஜீப்புகள் வரிசையாக ஏறி வந்தன. தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து ஏலக்காட்டு வேலைக்கு நாள்தோறும் மலையேறும் பெண்கள். ஒவ்வொன்றிலும் அளவுக்கு மீறிய கூட்டம், மடியில் தூக்குச்சட்டி. மாலையில் இதே வழியில் இறங்கிவிடுவார்கள். மகள் எண்ணத் தொடங்கினாள். அடிவாரம் வந்தபோது நாற்பத்து மூன்று என்றாள். ஓட்டுநர் இன்று ஞாயிற்றுக்கிழமை, அதனால் குறைவு என்றார்.